பழைய டாங்கி மாடல் கிட்: பெட்டி திறப்பது முதல் கடைசிப் பூச்சு வரை

புதிதாக வருபவர்கள் பழைய பிளாஸ்டிக் டாங்கி கிட்டைச் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பல முறை பார்த்திருக்கிறேன். பசையை ஒழுங்காகத்தான் வைக்கிறார்கள், பெயிண்டையும் பொறுமையாகத்தான் பூசுகிறார்கள். ஆனாலும் பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள். சக்கரத்தை ஒட்டிவிட்டு அதன் பின்னால் தூரிகை போகாமல் தவிப்பார்கள். பெயிண்ட் முழுக்க முடிந்தபிறகு புட்டி வைக்காத இடுக்கு கண்ணில் படும். எல்லாம் வரிசையில் வரும் பிழை. அதனால் இந்த வழிகாட்டி, எதற்குப் பின் எது, ஏன் என்பதைத்தான் அதிகம் பேசும்.

உதாரணத்துக்கு 1980களின் தொடக்கத்தில் டாமியா நிறுவனம் வெளியிட்ட 1/35 அளவு எம்4ஏ3 ஷெர்மனை (இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க டாங்கி) எடுத்துக்கொள்கிறேன். பாகங்கள் நன்றாகப் பொருந்தும். அதே சமயம் பழைய கிட்டுகளுக்கே உரிய சில வேலைகளும் அதில் இருக்கின்றன. ஏர்ஃபிக்ஸ், மேட்ச்பாக்ஸ் போன்ற 1/76 கிட்டுகளுக்கும் இதே வரிசைதான். வேறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

கூர்மையான நிப்பர், கைப்பிடி போட்ட பிளேடு, 400, 600, 1000 எண் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், ரப்பர் பேண்ட், நாலைந்து துணி க்ளிப். 0.5 மி.மீ., 1 மி.மீ. தடிமனில் பிளாஸ்டிக் ஷீட் ஒவ்வொரு துண்டு. 0.5 மி.மீ. செம்புக் கம்பி கொஞ்சம். பழைய எலக்ட்ரிக் வயரை உரித்தால் உள்ளே கிடைக்கும்.

பசை இரண்டு வகை வேண்டும். தண்ணீர் போல ஓடும் பாலிஸ்டைரீன் பசை பிளாஸ்டிக்கையே இளக்கி ஒன்றோடு ஒன்றைக் கலக்கவிடுகிறது. காய்ந்தபின் அது ஒரே துண்டு. சூப்பர் க்ளூ அப்படி இளக்காது, நடுவில் படலமாக இருந்து பிடித்துக்கொள்ளும். ஆகவே பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் என்றால் முதல் வகை. உலோகக் கம்பி, வினைல் டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) என்றால் சூப்பர் க்ளூ. மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை இந்த இரண்டுக்குமே உதவாது.

பெட்டிக்குள் பழைய பசை டியூப் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். இந்தப் பசையின் ஆவி தலைவலி தரும்.

2. பெட்டியைத் திறந்ததும் டிராக்கைத் தனியே எடுங்கள்

டாங்கியின் டிராக் பெரும்பாலான பழைய கிட்டுகளில் மென்மையான வினைலில் வரும். அது வளைய வேண்டும் என்பதற்காக அதில் ஒரு எண்ணெய்த்தன்மையான பொருளைச் சேர்த்திருப்பார்கள். வருடக்கணக்கில் அது மெல்ல வெளியே கசியும். கசிந்த இடத்தில் பிளாஸ்டிக் சக்கரமோ ஹல்லோ (டாங்கியின் உடல்) பட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம் மெழுகு போல உருகிக் குழி விழும்.

முப்பது வருடம் தொடாத ஒரு பெட்டியை ஆசையாகத் திறந்தேன். டிராக் மேல்தட்டின் மீது படுத்திருந்த தடம் அப்படியே பள்ளமாகப் பதிந்திருந்தது. அன்றிலிருந்து பெட்டி வாங்கிய நாளிலேயே டிராக்கை ஒரு ஜிப் கவரில் போட்டுத் தனியே வைத்துவிடுகிறேன். கிட்டை அடுத்த வருடம்தான் செய்யப்போகிறீர்கள் என்றாலும் இதை இன்றே செய்யுங்கள்.

அடுத்து, பாகங்களைக் குறிப்புத்தாளோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். பெட்டியின் மூலையில் உதிர்ந்து கிடக்கும் துண்டுகளையும் எடுத்து ஒரு டப்பாவில் போடுங்கள். டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) தாளை ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்து ஒரு புத்தகத்துக்குள் செருகிவிடுங்கள். காற்றில் இருக்கும் ஈரம் அதன் பசையைக் கெடுக்கும்.

3. கழுவுங்கள், காயவிடுங்கள்

அச்சிலிருந்து பாகம் எளிதாக வெளிவரத் தடவிய எண்ணெய் இன்னும் மேலே இருக்கலாம். போதாததற்கு இத்தனை வருடத் தூசி. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துக் கழுவி நிழலில் காயவையுங்கள். இதைத் தாண்டிப் போனவர்களுக்குப் பெயிண்ட் மாஸ்கிங் டேப்போடு உரிந்து வரும்.

மொட்டைமாடி வெயிலில் காயவைக்காதீர்கள். சித்திரை வெயிலில் மெல்லிய தட்டுகள் வளைந்துவிடும்.

4. உங்கள் வரிசையை ஒரு தாளில் எழுதுங்கள்

குறிப்புத்தாளில் படம் 1, படம் 2 என்று இருப்பது பாகங்கள் எங்கே போகும் என்று காட்டத்தான். பெயிண்ட் அடிக்கும் ஆளை நினைத்து அந்த வரிசை போடப்படவில்லை. ஷெர்மனில் அது கீழ் ஹல், சக்கரம், டிராக், மேல் ஹல், டரட் (பீரங்கியோடு சுழலும் மேல்கூடு) என்று போகும். அப்படியே போனால் மேல் ஹல் மூடும்போது சக்கரம் எல்லாம் ஒட்டி முடிந்திருக்கும், பெயிண்ட் அதன் பின்னால் போகாது.

ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து மூன்றைக் கேளுங்கள். இதை ஒட்டியபின் இதற்குப் பின்னால் பெயிண்ட் போகுமா? இந்த இடத்தை நான் உப்புத்தாளால் தேய்க்க வேண்டியிருக்குமா? கையில் பிடித்துத் திருப்பும்போது இது ஒடியுமா? பெயிண்ட் போகாது என்றால் தனியே பெயிண்ட் அடித்து ஒட்ட வேண்டும். தேய்க்க வேண்டும் என்றால் பக்கத்தில் நுணுக்கமான பாகம் எதையும் ஒட்டும் முன் தேய்த்துவிட வேண்டும். ஒடியும் என்றால் கடைசி.

ஷெர்மனுக்கு என் தாள் இப்படி இருக்கும். மேல் ஹல்லும் கீழ் ஹல்லும் ஒட்டி, இடுக்குகள் அடைத்து ஒரு துண்டு. டரட் ஒரு துண்டு. ஆறு போகிகள், அதாவது சக்கரங்களைத் தாங்கும் ஸ்பிரிங் பெட்டிகள், ஹல்லோடு சேர்ந்தே இருக்கலாம். சக்கரங்கள் தனி. முன்னால் இருக்கும் பல்சக்கரமும் பின்னால் இருக்கும் ஐட்லரும் (டிராக் சுற்றித் திரும்பும் கடைசிச் சக்கரம்) தனி. டிராக் தனி. மண்வெட்டி, கோடரி, இழுவைக் கம்பி எல்லாம் பல் குச்சியில் குத்தித் தனி. விளக்குக் காப்பு, ஆன்டெனா கடைசி.

இதே தாளில் எந்த வண்டியைச் செய்யப்போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். ஷெர்மன் என்று ஒரே பெயர், உள்ளே பல வகை. 1945இல் பர்மாவில் மெய்க்டிலாவை நோக்கிப் போன இந்தியக் குதிரைப்படை ரெஜிமென்டுகளின் ஷெர்மனைச் செய்ய ஆசைப்பட்டு இந்தக் கிட்டை வாங்குபவர்கள் உண்டு. அவர்கள் ஓட்டியது எம்4ஏ4. அதன் எஞ்சின் பெரியது என்பதால் ஹல் நீளம், போகிகளுக்கு நடுவே இடைவெளியும் அதிகம். டெக்காலை மாற்றினால் மட்டும் எம்4ஏ3 எம்4ஏ4 ஆகிவிடாது. பாதி வேலை முடிந்தபின் இது தெரியவந்தால் மனசு விட்டுப்போகும்.

5. வெட்டுவதும் சுத்தம் செய்வதும்

பாகத்தை அது ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து முறித்து எடுக்கவே கூடாது. பழைய பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை கொண்டது, முறித்தால் பாகத்தில் பள்ளமாகப் பிய்ந்து வரும். நிப்பரால் பாகத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி ஒரு வெட்டு. பிறகு ஒட்டி மீதமிருப்பதை இன்னொரு வெட்டு. மிஞ்சிய துளியைப் பிளேடால் சீவி உப்புத்தாளால் தேயுங்கள்.

அப்போதைக்குத் தேவையான பாகத்தை மட்டும் வெட்டுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாக வெட்டிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எண் தெரியாமல் விழிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சக்கரங்கள் ஒன்றுபோல இருந்தாலும் உள்பக்கம், வெளிப்பக்கம் வேறு.

அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் பாகத்தைச் சுற்றி மெல்லிய கோடு ஓடும். பழைய அச்சுகளில் இது தடித்து, சில இடங்களில் சவ்வு போலவே நீட்டிக்கொண்டிருக்கும். பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டினால் போகும். பாகத்தை அச்சிலிருந்து வெளியே தள்ளும் ஊசிகள் பதித்த வட்டத் தழும்புகளைப் பொறுத்தவரை, கடைசியில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருப்பதை மட்டும் அடையுங்கள். ஹல்லின் உள்பக்கத் தழும்பைத் தேய்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

6. ஒட்டாமல் பொருத்திப் பாருங்கள், அப்புறம் பசை

இதை ஒரு தனிப் படியாகவே எண்ணுங்கள். மேல் ஹல்லைக் கீழ் ஹல் மீது வைத்து மாஸ்கிங் டேப்பால் சுற்றிப் பாருங்கள். எங்கே இடைவெளி, எங்கே தூக்கி நிற்கிறது என்று பென்சிலால் குறியுங்கள்.

ஹல் முறுக்கிக்கொண்டிருந்தால், கைவைக்கப் பொறுக்காத சூட்டில் உள்ள நீரில் அரை நிமிடம் முக்கி, எதிர்ப்பக்கமாக மெல்ல முறுக்கிப் பிடித்து, அப்படியே குளிர்ந்த நீரில் விடுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம். பாலிஸ்டைரீன் கிட்டத்தட்ட 100 டிகிரியில் இளகத் தொடங்கும். கொதிநீரில் வளைவு போய், கூடவே மெல்லிய விளிம்புகளும் தொய்ந்துவிடும். ஒரே முறையில் நேராகாவிட்டால் மறுபடி செய்யலாம்.

ஒட்டும்போது இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்து, பசைத் தூரிகையின் நுனியை இடுக்கின் ஒரு முனையில் தொட்டாலே போதும். பசை தானே ஓடிப் பரவும். தடவிவிட்டுச் சேர்க்கப்போனால் விரலில் ஒட்டி, விரல் ரேகை பிளாஸ்டிக்கில் பதியும். பதிந்துவிட்டால் உடனே துடைக்காதீர்கள். மறுநாள் காய்ந்தபின் உப்புத்தாளால் எடுத்துவிடலாம்.

டரட்டின் மேல், கீழ்ப் பாதிகளை ஒட்டும்போது கொஞ்சம் தாராளமாகப் பசை விட்டு அழுத்துங்கள். இளகிய பிளாஸ்டிக் நூல் போல வெளியே பிதுங்கும். அதுவே அந்த இடத்துக்குப் புட்டி. இரண்டு நாள் விட்டுத் தேயுங்கள். அதற்கு முன் தேய்த்தால் அந்த இடம் பின்னால் சுருங்கிக் கோடாகத் தெரியும்.

பீரங்கிக் குழாய் இரண்டு பாதிகளாக வந்தால், அரத்தால் ஒரே திசையில் தேய்க்காதீர்கள். குழாய் தட்டையாகி முட்டை வடிவம் ஆகிவிடும். உப்புத்தாளை நாடா போலக் கிழித்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுவதைப் போலக் குழாயைச் சுற்றி இழுங்கள். ஷெர்மன் 75 மி.மீ. பீரங்கியின் துளை 1/35இல் 2 மி.மீ.யைவிடச் சற்றே பெரிது. வாய் மூடியிருந்தால் பிளேடு நுனியால் நடுவில் புள்ளி வைத்துவிட்டுச் சிறிய துளைப்பான் முனையைக் கையாலேயே திருப்பித் துளையுங்கள்.

7. ஓட்டைகளை அடைப்பது

பழைய கிட்டில் அதிகம் விட்டுப்போகும் படி இது. 1960கள், 70களின் 1/35 கிட்டுகள் பலவும் மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓட்டுவதற்காக வடிவமைக்கப்பட்டவை. அதனால் கீழ் ஹல்லில் சுவிட்சுக்கு ஒரு நீள்துளை, கியர் பெட்டிக்குத் திருகாணித் துளைகள் என்று ஏதாவது இருக்கும். நிஜ டாங்கியில் இவை எதுவும் கிடையாது.

பெரிய துளையைப் புட்டியால் மட்டும் நிரப்பினால் காயும்போது சுருங்கிக் குழி விழும், சில சமயம் கட்டியாக உள்ளே விழுந்துவிடும். முதலில் உள்பக்கம் 0.5 மி.மீ. ஷீட்டை ஒட்டுப் போடுங்கள். வெளியிலிருந்து துளையின் வடிவத்துக்கே இன்னொரு துண்டை வெட்டி உட்கார வையுங்கள். சுற்றியுள்ள கோட்டுக்கு மட்டும் புட்டி. மெல்லியதாக இரண்டு தடவை, நடுவில் ஒரு நாள் இடைவெளி.

புட்டியை வீட்டிலேயே செய்யலாம். கிட்டின் சட்டத்துண்டுகளைப் பொடியாக நறுக்கி, கண்ணாடிச் சீசாவில் பாதியளவு இருக்கும் திரவப் பசைக்குள் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். கூழாகிவிடும். அதே பிளாஸ்டிக் என்பதால் காய்ந்தபின் சுற்றியிருப்பதைப் போலவே தேயும். காய மூன்று நான்கு நாள் பிடிக்கும் என்பது மட்டும்தான் குறை.

ஷெர்மனில் இன்னொரு வேலை. டிராக்குக்கு மேலே ஹல்லின் பக்கவாட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அதன் அடித்தட்டு இந்தக் கிட்டில் இல்லை. மாடலைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தாலே டிராக்குக்கு மேலாக வெற்று உள்பக்கம் தெரியும். இதை மேல் ஹல்லையும் கீழ் ஹல்லையும் சேர்க்கும் முன் அடைக்க வேண்டும், பிறகு கை போகாது.

முதலில் தடித்த காகிதத்தில் அளவு வெட்டி வைத்துப் பாருங்கள். சரியாக உட்கார்ந்ததும் அதை 1 மி.மீ. ஷீட்டின் மீது வைத்து வரைந்து வெட்டுங்கள். ஷீட்டை வெட்டப் பிளேடை இரண்டு மூன்று முறை லேசாக ஓட்டிவிட்டு மடக்கினால் நேராக முறியும். ஒட்டும்போது மேல் ஹல்லின் உள்பக்கத்தில் ஒட்டுங்கள். கீழ் ஹல்லில் ஒட்டினால் இரண்டும் சேரும்போது இடிக்கும். ஒட்டியதும் பசை காயும் முன் கீழ் ஹல்லை ஒரு முறை உள்ளே நுழைத்துப் பார்த்துவிடுங்கள்.

1/76 கிட்டுகளில் மோட்டார் துளை தொல்லை கிடையாது. அங்கே உங்கள் நேரத்தைச் சவ்வுகளும் சரியாகச் சேராத ஹல் மூலைகளும் எடுத்துக்கொள்ளும்.

8. வார்ப்பும் தகடும்: மேற்பரப்பு வேலை

ஷெர்மனின் டரட் வார்த்து எடுத்தது, அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். முன்னால் கீழே உருண்டையாகத் தெரியும் கியர் மூடியும் அப்படித்தான். ஆனால் எம்4ஏ3 ஹல் தகடுகளைப் பற்றவைத்துச் செய்தது, வழவழப்பானது. புதியவர்கள் சொரசொரப்பு செய்யக் கற்றுக்கொண்டதும் ஆர்வத்தில் ஹல் முழுவதும் போட்டுவிடுகிறார்கள். டரட், பீரங்கி மூடி, கியர் மூடி, இந்த மூன்றோடு நிறுத்துங்கள்.

முறை எளிது. திரவப் பசையை ஒரு சதுர அங்குலத்துக்குத் தடவி, சில நொடி விட்டு, முடி விறைத்த பழைய தூரிகையால் செங்குத்தாகக் குத்துங்கள். அடுத்த சதுரத்துக்கு நகருங்கள். மறுநாள் 600 உப்புத்தாளால் ஒரே ஒரு தடவை லேசாகத் தடவினால் கூர்மை அடங்கும். டரட்டின் ஒட்டுக்கோடு தேய்த்து முடிந்தபின்தான் இது. முன்னால் செய்தால் தேய்க்கும்போது எல்லாம் போய்விடும்.

கைப்பிடிகளை அடுத்துப் பாருங்கள். 1/35இல் 1 மி.மீ. என்பது நிஜத்தில் 35 மி.மீ. கிட்டில் 1 மி.மீ. தடிமனில் கைப்பிடி வந்தால் அது நிஜத்தில் தண்ணீர்க் குழாய் அளவு. அதைச் சீவி எடுத்துவிட்டு, 0.5 மி.மீ. செம்புக் கம்பியை வளைத்துச் சூப்பர் க்ளூவால் ஒட்டுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே மாடலின் தோற்றம் எவ்வளவு மாறுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். 1/76இல் இதற்கு 0.2 மி.மீ. கம்பி வேண்டும், கை பழகும்வரை அந்த அளவில் இதை விட்டுவிடலாம்.

9. போகிகள் சமமாக நிற்க வேண்டும்

ஆறு போகிகளில் ஒன்று கால் மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் டாங்கி ஆடும். பசை வைத்ததும் சக்கரங்களைத் தற்காலிகமாகச் செருகி, ஹல்லை ஒரு கண்ணாடித் துண்டின் மீது நிறுத்துங்கள். முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் கண்ணை மட்டமாக வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு சக்கரமும் கண்ணாடியைத் தொட வேண்டும். பசை இளகியிருக்கும்போதே சரி செய்து, மேலே லேசான பாரம் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். காய்ந்ததும் சக்கரங்களைக் கழற்றிவிடலாம்.

10. பிரைமர்

இந்த நிலையில் உங்கள் மாடலில் பழைய பிளாஸ்டிக், புதிய ஷீட், புட்டி, செம்பு என்று நான்கு பொருள்கள் இருக்கும். நேரே பெயிண்ட் அடித்தால் ஒவ்வொன்றின் மீதும் ஒவ்வொரு மாதிரி பிடிக்கும். சாம்பல் நிறப் பிரைமர் எல்லாவற்றையும் ஒரே தளமாக்கும். அதைவிட முக்கியமாக, இதுவரை தெரியாத கீறலையும் இடுக்கையும் காட்டிக்கொடுக்கும்.

பிரைமர் காய்ந்ததும் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். தெரியும் குறைகளை இப்போதே சரி செய்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர். “பெயிண்டில் மறைந்துவிடும்” என்று விட்டது எதுவும் மறைந்து நான் பார்த்ததில்லை.

ஸ்ப்ரே டப்பா என்றால் 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து, மாடலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுமாறு இழுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் பூச்சு வெளுத்துப் பால் போலாகிவிடும். வெயில் ஏறிய, காற்று அடங்கிய நேரம் பார்த்து அடியுங்கள்.

11. அடிப்படை நிறம்

அமெரிக்க ஷெர்மன் என்றால் ஆலிவ் டிராப். டாமியாவில் அது எக்ஸ்எஃப்-62. அப்படியே அடித்தால் மாடல் அளவில் மிகவும் கறுத்துத் தெரியும். பத்துப் பங்குக்கு ஒன்றோ இரண்டோ எக்ஸ்எஃப்-57 பஃப் நிறம் சேருங்கள். வெயில் மேலே படும் தட்டுகளுக்கு இன்னும் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளலாம்.

பிற நாட்டு வண்டிகளில் காலத்தைப் பாருங்கள். ஜெர்மன் டாங்கிகளின் அடிப்படை நிறம் 1943 பிப்ரவரியில் கருஞ்சாம்பலிலிருந்து கரும் மஞ்சளுக்கு மாறியது. அதற்குப் பின் ஆலையிலிருந்து வந்த பாந்தரைச் சாம்பல் நிறத்தில் அடித்துவிட்டு வருத்தப்படுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

தூரிகையால் அடிப்பவர்களுக்கு ஒன்று. டாமியா அக்ரிலிக் ஏர்பிரஷ்ஷுக்கு அருமையானது. தூரிகையில் இரண்டாவது கோட்டு (பூச்சு) போடும்போது அடியில் இருக்கும் பூச்சைக் கரைத்து இழுத்துவிடும். தூரிகைக்கு வல்லேஹோ போன்ற நீர்த்தன்மை அக்ரிலிக்கோ ஹம்ப்ரால் எனாமலோ எடுங்கள். நீர்த்து மூன்று மெல்லிய கோட்டு. எனாமலுக்கு ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே முழுதாக ஒரு நாள்.

சக்கரங்களை இப்போது தனியே முடியுங்கள். அச்சுத் துளையில் பல் குச்சியைச் செருகி, முதலில் முழுக்க ஆலிவ் நிறம். பிறகு தூரிகையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு குச்சியை உருட்டினால் ரப்பர் விளிம்பு ஒரே சுற்றில் முடியும். ரப்பருக்கு எக்ஸ்எஃப்-85. சுத்தக் கறுப்பு பொம்மை போலக் காட்டும். சக்கரத்தின் ஓடும் பரப்பில் ஓர் இடம் விடாமல் பெயிண்ட் இருக்க வேண்டும். வினைல் டிராக் கக்கும் பொருளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே இருக்கும் ஒரே சுவர் அந்தப் பெயிண்ட்தான்.

சக்கரத்தை ஹல்லில் ஒட்டும் முன், அச்சிலும் துளையிலும் உள்ள பெயிண்டைச் சுரண்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பசை பெயிண்டின் மீது பிடிக்காது. சக்கரம் ஒரு வாரத்தில் கழன்று விழுவதற்குக் காரணம் எப்போதும் இதுதான்.

12. டெக்காலுக்கு முன் பளபளப்பு

ஆலிவ் டிராப் மங்கலான பெயிண்ட், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் நிறைந்தது. அதன் மீது டெக்கால் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மினுங்கும். ஒட்டப்போகும் இடத்தில் பளபளப்பான வார்னிஷ் ஒரு கோட்டு அடித்து ஒரு நாள் விடுங்கள்.

பழைய டெக்காலை நம்பி நேரே நட்சத்திரத்தை நீரில் போடாதீர்கள். தாளில் தேவைப்படாத ஓர் எண்ணை வெட்டிச் சோதியுங்கள். தூளாக உடைந்தால் முழுத் தாளின் மீதும் அக்ரிலிக் வார்னிஷை மெல்லியதாக ஸ்ப்ரே செய்து புதுப் படலம் கொடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டி வெட்ட வேண்டும். படலம் மஞ்சளாகியிருந்தால் தாளைக் கண்ணாடி ஜன்னலின் உள்பக்கம் வெயில் படும்படி சில வாரம் ஒட்டி வையுங்கள், வெளுத்துவிடும். முழுவதும் ஈரம் உறிஞ்சிக் கெட்டிருந்தால் வெள்ளை நட்சத்திரத்துக்கு ஸ்டென்சில் வெட்டிப் பெயிண்ட் அடிப்பதே நல்லது.

டெக்கால் காய்ந்ததும் அதன் மீது ஒரு கோட்டு வார்னிஷ். அடுத்து வரும் வாஷ் (இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த நிறம்) டெக்காலின் ஓரத்தில் தேங்காமல் இருக்க இது.

13. டிராக்

பழைய வினைல் விறைத்திருக்கும். வெந்நீரில் சில நிமிடம் ஊறவைத்தால் கொஞ்சம் இளகும். முனைகளைச் சேர்க்க, குமிழ்களைச் சூடாக்கிய ஸ்க்ரூடிரைவரால் நசுக்கச் சொல்லிப் பழைய குறிப்புத்தாள்கள் காட்டும். விறைத்த டிராக் அதில் கிழியும். ஊசி நூலால் இரண்டு தையல் போட்டு, மேலே ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விடுங்கள். தைத்த இடம் ஷெர்மனில் கீழே, சக்கரத்துக்கு அடியில் வரட்டும்.

டிராக் குட்டையாக இருந்து இழுத்து மாட்ட வேண்டியிருந்தால் மாட்டாதீர்கள். அந்த இழுவை நாள் முழுக்க வேலை செய்து ஐட்லரைப் பிடுங்கிவிடும். தைக்கும்போது நூலில் ஒரு கண்ணி அளவு இடைவெளி விட்டு, அந்த இடத்தை மண்ணால் மறையுங்கள்.

நிறத்தில் எல்லோரும் தவறுகிறார்கள். டிராக் என்றதும் வெள்ளி நிறத்தை எடுத்துவிடுகிறார்கள். ஷெர்மன் டிராக்கில் ரப்பர் கட்டைகள் கொண்ட வகையும் முழு எஃகு வகையும் உண்டு. ரப்பர் வகை என்றால் தரையில் படும் பரப்பு கருஞ்சாம்பல். ஓரத்தில் கண்ணிகளை இணைக்கும் துண்டுகளில் மட்டும் எஃகின் மினுமினுப்பு வரும். பென்சிலின் கரியைப் பொடியாக்கி விரலால் தேய்த்தால் அந்த மினுமினுப்பு கச்சிதமாகக் கிடைக்கும்.

பாந்தர், டி-34 போன்றவற்றில் மேல்பக்கம் டிராக் தொய்ந்து சக்கரத்தின் மீதே படுத்திருக்கும். வினைல் தானாகத் தொய்யாது. ஒவ்வொரு சக்கரத்தின் உச்சியிலும் ஒரு துளி சூப்பர் க்ளூ விட்டு அழுத்திப் பிடிக்க வேண்டும். ஷெர்மனில் மேலே உருளைகள் தாங்குவதால் இவ்வளவு தொய்வு வேண்டாம்.

14. வாஷ், மண், மங்கல் வார்னிஷ்

அடர் பழுப்பு ஆயில் கலரை ஒயிட் ஸ்பிரிட்டில் டீத்தண்ணி பதத்துக்குக் கரைத்து, ஆணிகளைச் சுற்றியும் தகடுகளின் இணைப்பிலும் மட்டும் நுனித் தூரிகையால் தொடுங்கள். முழு டாங்கியையும் அதில் குளிப்பாட்டினால் நிறம் மந்தமாகிவிடும். அடியில் அக்ரிலிக் இருந்தால் ஒயிட் ஸ்பிரிட் அதைத் தொடாது. எனாமல் அடித்திருந்தால் நடுவில் அக்ரிலிக் வார்னிஷ் கட்டாயம், இல்லாவிட்டால் அடிப்படை நிறமே கரைந்து வரும்.

வாஷ் காய இரண்டு நாள். பிறகு மங்கலான வார்னிஷ். பொடி நிறங்களால் தூசி போடுவது அதற்கும் பின்னால்தான்; தூசியின் மீது வார்னிஷ் அடித்தால் பாதி தூசி காணாமல் போகும். மண் கீழிருந்து மேலே குறைய வேண்டும். போகியில் கெட்டியாக, ஹல் பக்கவாட்டில் லேசாக, டரட்டில் ஆட்கள் ஏறி இறங்கும் இடத்தில் மட்டும்.

15. ஒடியக்கூடியவை

இப்போது பல் குச்சியில் காத்திருக்கும் மண்வெட்டி, கோடரி, விளக்குக் காப்பு. மரக் கைப்பிடிக்கு வெளிர் பழுப்பின் மீது அடர் பழுப்புக் கோடுகள் இரண்டு போதும்.

ஆன்டெனாவுக்குச் சட்டத்துண்டு ஒன்றை அகல் விளக்கின் சுடருக்கு மேலே, சுடரைத் தொடாமல் உருட்டுங்கள். நடுவில் இளகிப் பளபளக்கும்போது சுடரிலிருந்து விலக்கி இரு பக்கமும் சீராக இழுங்கள். வேகமாக இழுத்தால் முடி போல மெலியும், மெதுவாக இழுத்தால் தடிக்கும். நாலைந்து இழுத்து நேராக வந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சூப்பர் க்ளூவில் நுனியைத் தொட்டு ஆன்டெனாவின் அடிப்பீடத்தில் நிறுத்துங்கள். நிமிர்ந்து காயும்வரை ஒரு நிமிடம் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் மாடலைத் தூக்கும்போதெல்லாம் ஹல்லின் அடியைப் பிடித்தே தூக்குங்கள்.